எபிசோட் 41: வாரிக் கணக்கும் ரூபிடியம் அணுக்களும்

(இது ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை ஆலங்குடி பக்கம் எங்க வீட்டு மாடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பொங்கல் லீவு. பின்னாடி மயில் கத்தினால் கண்டுக்காதீங்க. எடிட்டிங்கில் எடுத்துடலாம்னு பார்த்தேன், முடியல.

முதல்ல ஒரு திருத்தம். ரெண்டு எபிசோட் முன்னாடி குவாண்டம் சிமுலேட்டர் பத்திப் பேசினப்போ, வெறும் 71 இடங்கள் கொண்ட ஒரு அணுச் சங்கிலி செய்யும் வேலையை உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டராலும் செய்ய முடியாதுன்னு அடிச்சு விட்டேன். நிறைய பேர் அந்தத் துண்டை ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சிருந்தீங்க. நன்றி. ஆனா அது தப்பு.

தப்புன்னு கண்டுபிடிச்சது நான் இல்லை. அறந்தாங்கி பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ரிட்டையர் ஆன ஒரு சார் நம்ம பாட்காஸ்ட்டைக் கேட்கிறார். அவர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். "தம்பி, கேஜ் தியரி, கேஜ் தியரின்னு பதினோரு தடவை சொன்னீங்க, நான் எண்ணினேன். ஒரு தடவைகூட கேஜ்னா என்னன்னு சொல்லல. அப்புறம் எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாதுன்னீங்களே, நீங்க போட்டுப் பார்த்தீங்களா?"

போட்டுப் பார்க்கல. படிச்சேன், பிரமிச்சேன், மைக் முன்னாடி உட்கார்ந்து பேசிட்டேன். ஆபீஸ்ல டெஸ்ட் எழுதாமல் ஒரு வரி கோடை யாராவது மெர்ஜ் பண்ணினா நானே ரிவ்யூல திருப்பி அனுப்புவேன். சார் சொன்னதை என்னால் மறக்க முடியல. அதனால் இந்த லீவில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். என்ன வந்ததுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி அவருடைய முதல் கேள்வி.

கேஜ்னு சொன்னா எங்க மாவட்டத்தில் முதலில் ஞாபகம் வர்றது ரயில். அறந்தாங்கி வழியாகப் போகும் காரைக்குடி–திருவாரூர் பாதை மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்கு மாறும் வரை வருஷக்கணக்கில் ரயிலே இல்லாமல் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்க, அந்த வார்த்தையின் அருமை தெரியும். இயற்பியலிலும் அதே வார்த்தைதான், அதே அர்த்தம்தான்: அளவுகோல். 1918-இல் ஹெர்மன் வைல் ஒரு யோசனை சொன்னார். நீளத்தை அளக்கும் கோலை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டாலும் இயற்பியல் விதி மாறக்கூடாது என்றார். அது இயற்கைக்குப் பொருந்தாது என்று ஐன்ஸ்டைன் காட்டிவிட்டார். பதினோரு வருஷம் கழிச்சு, 1929-இல், வைல் அதே யோசனையை நீளத்துக்குப் பதிலாக எலக்ட்ரான் அலையின் கட்டத்துக்குப் பொருத்தினார். இந்தத் தடவை அது நின்றது.

கட்டம்னா கடிகார முள் மாதிரி நினைச்சுக்கோங்க. கடிகாரத்தில் 12-ஐ எங்கே எழுதுவது என்பதை ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணலாம். அப்போ ரெண்டு ஊர் நேரத்தை ஒப்பிடணும்னா, நம்ம 12-க்கும் உங்க 12-க்கும் எவ்வளவு வித்தியாசம் என்ற தகவல் நடுவில் யாராவது சுமந்துக்கிட்டு வரணும். அதைச் சுமப்பதுதான் கேஜ் புலம். மின்காந்தப் புலம் அப்படிப்பட்ட ஒன்று. அணுக்கருவுக்குள் குவார்க்குகளைக் கட்டி வைத்திருக்கும் புலம் அதே வகையில் இன்னும் சிக்கலான ஒன்று.

இந்த ஊருக்கு ஊர் சுதந்திரம் சும்மா வருவதில்லை. அதோடு சேர்ந்து ஊருக்கு ஊர் ஒரு கட்டுப்பாடும் வருகிறது. இந்த எபிசோட் முழுக்க அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றித்தான். அதைப் புரிஞ்சுக்க எங்க தாத்தாவைக் கூப்பிடணும்.

புதுக்கோட்டை பெரிய ஆறுகளை நம்பி வாழ்ந்த மாவட்டம் கிடையாது. டவுன் பக்கத்தில் இருக்கும் கவிநாடு கண்மாய் மாதிரி பெரியதில் ஆரம்பித்து, ஊருக்கு ஒரு குளம், ஊரணி என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியாக வழிந்து வாரியில் ஓடி அடுத்ததுக்குப் போகும். தாத்தா எங்க ஊர் கண்மாயில் மடை பார்த்தவர். மேல ஊர்க்காரங்க "நாங்க விட்டாச்சு" என்பாங்க, கீழ ஊர்க்காரங்க "எங்களுக்கு வரல" என்பாங்க. பஞ்சாயத்தில் குரல் உசரும். தாத்தா அங்கே நிற்க மாட்டார். வாரியைப் பிடிச்சு நடக்க ஆரம்பிச்சுடுவார். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான்: உள்ளே எவ்வளவு வருது, வெளியே எவ்வளவு போகுது? வித்தியாசம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு ஊற்று இருக்கணும், இல்லேன்னா யாரோ வயலுக்கு வெட்டி விட்டிருக்கணும். மூணாவது வழி கிடையாது.

இதில் முக்கியமான விஷயம், கணக்கு இடத்துக்கு இடம் சரியா இருக்கணும். மாவட்டம் முழுக்கக் கூட்டிப் பார்த்து மொத்தம் சரியா இருக்குன்னு சொன்னால் போதாது. மேல ஊரில் பத்து அளவு மாயமாகி, கீழ ஊரில் பத்து அளவு முளைச்சாலும் மொத்தம் சரியாத்தான் வரும். வாரியில் நடக்கிறவர் அதை ஒத்துக்க மாட்டார்.

இயற்பியலில் இதன் பெயர் காஸ் விதி. குளத்துக்குப் பதில் புள்ளிகள், வாரிக்குப் பதில் புள்ளிகளை இணைக்கும் கோடுகள். ஊற்று இருக்கும் இடம் நேர் மின்னூட்டம், வயல் எதிர் மின்னூட்டம், வாரியின் ஓட்டம் மின்புலம். ஒவ்வொரு புள்ளியிலும் வெளியேறும் புலத்தில் இருந்து உள்ளே வரும் புலத்தைக் கழித்தால் அங்கே இருக்கும் மின்னூட்டம் வரணும். ஒரே ஒரு புள்ளியில் தப்பினாலும் அது கேஜ் தியரி இல்லை. (உவமைக்கு எல்லை உண்டு. நிஜ வாரியில் தண்ணி நகர்கிறது. மின்புலத்தில் அப்படி எதுவும் ஓடவில்லை. குவாண்டத்தில் ஒரே வாரி இப்படியும் அப்படியும் ஒரே நேரத்தில் இருக்கவும் முடியும்.)

இன்னும் ஒரு படி போகலாம். திறந்த பொட்டலில் தண்ணியைத் திறந்துவிட்டால் நாலாபக்கமும் பரவி மெலிஞ்சுடும். சாதாரண மின்புலம் அப்படி. அதனால்தான் தூரம் கூடக்கூட விசை குறைகிறது. கரை கட்டின வாரியில் பரவ இடமில்லை. எவ்வளவு தூரம் போனாலும் அதே கனத்தில்தான் ஓடும். வாரி இரண்டு மடங்கு நீளமானால் அதில் அடங்கிய ஆற்றலும் இரண்டு மடங்கு. குவார்க்குகளுக்கு நடுவில் இருக்கும் புலம் கிட்டத்தட்ட இப்படித்தான் கரை கட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு குவார்க்குகளைப் பிரிக்க இழுத்தால் ஆற்றல் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில், நடுவில் புதுசாக ஒரு ஜோடியை உண்டாக்குவது வாரியை இன்னும் நீட்டுவதைவிட மலிவாகிவிடும். சரம் அறுந்து, இரண்டு ஜோடிகள் ஆகிவிடும். தனியாக ஒரு குவார்க்கை யாராலும் வெளியே எடுக்க முடியாததற்கு இதுதான் காரணம். இதைச் சரம் அறுதல் என்கிறார்கள்.

அந்தச் சரம் அறுவதை நொடிக்கு நொடி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க முடியுமா? இங்கேதான் சிக்கல். 1974-இல் கென்னத் வில்சன் வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரிச்சு இந்தக் கணக்கைப் போடும் வழியைக் காட்டினார். அந்த வழியில் சூப்பர் கம்ப்யூட்டர்கள் பெரிய காரியங்கள் செஞ்சிருக்கு. 2008-இல் புரோட்டானின் நிறையையே அடிப்படை விதியிலிருந்து கணக்கிட்டு எடுத்தார்கள். ஆனா அது நிலையாக இருக்கும் பொருளின் கணக்கு. காலத்தில் மாறுவதை ஓட்டும்போது, அல்லது நியூட்ரான் நட்சத்திரத்தின் உள்ளே மாதிரி நெருக்கமான பொருளைப் போடும்போது, பிளஸ்ஸும் மைனஸுமாகக் கோடிக்கணக்கான எண்கள் வந்து ஒன்றை ஒன்று அடிச்சுக்கும். கோடி ரூபாய் வரவு, கோடி ரூபாய் செலவு, மிச்சம் எட்டணா என்று வைங்க. அந்த எட்டணாவைத்தான் நாம தேடறோம், கணக்கிலோ நூறு ரூபாய் பிழை இருக்கு. இதுக்குக் குறிச் சிக்கல்னு பேர்.

அப்போ கணக்கு போடாமல், அதே விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கும் வேறொரு குவாண்டம் பொருளை மேஜைமேல் கட்டி, அது என்ன செய்கிறது என்று பார்த்தால் என்ன? ரிச்சர்ட் ஃபைன்மன் 1981-இல் ஒரு பேச்சில் கேட்ட கேள்வியின் சாரம் இது. கட்டுவதற்கு ஏற்ற பொருள்களில் ஒன்று அதிகுளிர் அணுக்கள்.

அதிகுளிர்னா, எங்க ஊர் மே மாச வெயில் சுமார் 313 கெல்வின். விண்வெளியின் பின்னணி 2.7 கெல்வின். இந்த அணுக்கள் நானோ கெல்வின் அளவில் இருக்கும், அதாவது ஒரு கெல்வினை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில துண்டுகள். லேசரால் வேகத்தைக் குறைச்சு, சூடான அணுக்களை ஆவியாக வெளியேத்தி அங்கே கொண்டு போறாங்க. பிறகு எதிரெதிரே லேசர்களை விட்டால் ஒளி அலை மேடு பள்ளமாக நிற்கும். முட்டை அட்டை மாதிரி. பள்ளத்துக்கு ஒரு அணு. பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் தூரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

நான் தப்பாகச் சொன்ன அந்த 71 இதுதான். சீனாவின் ஹஃபெய் நகரத்தில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவும், ஜெர்மனி, இத்தாலி கோட்பாட்டாளர்களும் சேர்ந்து செய்த சோதனை, 2020 நவம்பரில் நேச்சர் இதழில் வந்தது. ரூபிடியம் அணுக்கள். ஒரு பள்ளம் மேலாக, அடுத்தது ஆழமாக, மறுபடி மேலாக என்று 71 பள்ளங்கள். மேலான பள்ளங்கள் குளங்கள், அதாவது பொருள் இருக்கும் இடங்கள். ஆழமானவை வாரிகள், அதாவது புலம் இருக்கும் இடங்கள். குளத்தில் ஒரு அணு இருக்கலாம் அல்லது காலி. வாரியில் இரண்டு அணு அல்லது காலி. வாரி காலி என்றால் புலம் ஒரு திசை, இரண்டு என்றால் மறு திசை. எது எந்தத் திசை என்பது வாரிக்கு வாரி மாறி மாறி வரும், அதைத் தலையில் போட்டுக்காதீங்க.

இந்த ஏற்பாட்டில் காஸ் விதி ரொம்ப எளிமையாகிவிடுகிறது. ஒரு குளத்தையும் அதன் இரு பக்க வாரிகளையும் எடுத்துக்கோங்க. குளத்தில் இருக்கும் அணு, கூட்டல் பக்கத்து வாரிகளில் இருப்பதில் பாதி, மொத்தம் 1 வரணும். அவ்வளவுதான். 0-1-0 சரி. 2-0-0 சரி. 0-0-2 சரி. 2-1-0 வந்தால் கணக்கு இடிக்குது.

அணுக்களுக்கு இந்த விதியை யார் சொல்வது? இங்கேதான் எனக்குப் பிடிச்ச வேலை. குளத்திலிருந்து ஒரு அணு தனியாக ஆழமான வாரிக்குள் விழுந்தால், அது இழக்கும் ஆற்றல் போக இடமில்லை. அதனால் விழாது. பக்கத்துப் பக்கத்துக் குளங்களிலிருந்து இரண்டு அணுக்கள் சேர்ந்து நடுவில் இருக்கும் வாரிக்குள் விழுந்தால்? ஒரே பள்ளத்தில் இருக்கும் இரண்டு அணுக்கள் ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலுக்கான ஆற்றலையும், விழுந்ததில் இழந்த ஆற்றலையும் சரிக்குச் சரியாக லேசரில் அமைச்சு வச்சிருக்காங்க. அதனால் ஜோடியாகப் போவது மட்டும் நடக்கும். ஷேர் ஆட்டோக்காரர் ஒரு ஆளுக்கு வண்டி எடுக்க மாட்டார், ரெண்டு பேர் ஏறினால் கட்டுப்படியாகும், அந்தக் கதை. இரண்டு மின்னூட்டங்கள் சேர்ந்து அழிந்து, நடுவில் புலம் திசை மாறுகிறது. கேஜ் தியரியில் நடக்க வேண்டியது அதேதான். கூடவே சங்கிலியைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், ஒரு அணு வாரியைத் தாண்டி அடுத்த குளத்துக்கு நழுவிடாமல் இருக்க.

சரி, என் லேப்டாப்புக்கு வருவோம். 16 ஜிபி மெமரி. இரண்டு நிலைகள் கொண்ட 71 இடங்கள் என்றால் மொத்த அமைப்புகள் 2-இன் 71-ஆம் அடுக்கு. அதாவது 236-க்குப் பின்னால் 19 பூஜ்ஜியங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு கலப்பெண், 16 பைட். இந்த முறையில் என் லேப்டாப் 30 இடத்திலேயே மூச்சு முட்டிடும். 50 இடத்துக்கு 1.8 கோடி ஜிபி வேணும். இந்தப் பெருக்கலை மனசில் போட்டுட்டுத்தான் நான் அன்னிக்கு மைக்கில் வீராவேசமாகப் பேசினேன்.

நான் மறந்தது விதியை. அடுத்தடுத்த இரண்டு வாரிகளில் 2 வரவே முடியாது. வந்தால் நடுக்குளத்தில் மைனஸ் ஒன்று அணு இருக்கணும். அப்புறம் வாரிகள் எல்லாம் தெரிஞ்சுட்டால் குளங்களில் என்ன இருக்குன்னு கணக்கே சொல்லிடும். அதனால் எண்ண வேண்டியது வாரிகளை மட்டும்தான். ஒரு வாரிக்கு 2 வழி. இரண்டுக்கு 3. மூன்றுக்கு 5. நான்குக்கு 8. பார்த்தீங்களா, ஃபிபனாச்சி. 71-ஐ 36 குளம், 35 வாரி என்று பிரிச்சு ஓட்டினேன். வந்த எண் 2,41,57,817.

இரண்டரைக் கோடிகூட இல்லை. 16 பைட்டால் பெருக்கினால் 387 எம்பி. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாதுன்னு நான் சொன்னது, ஒரு சினிமாவை ஹெச்டியில் டவுன்லோட் பண்றதைவிடக் கம்மி. திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துட்டு இருந்தேன். அப்பத்தா "என்னப்பா, ஆபீஸ்ல எதுவும் பிரச்சினையா?"ன்னு கேட்டுச்சு.

சோதனையில் அணுக்கள் சில நேரம் விதியை மீறும், அதையும் சேர்த்தால் கணக்கு பெருசாகும் என்பது உண்மை. ஆனா அதையும், ஒரு பரிமாணச் சங்கிலி என்பதால், டென்சர் நெட்வொர்க் முறைகளால் நல்லாவே கையாளலாம். கம்ப்யூட்டரைத் தோற்கடிச்சோம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்லவும் இல்லை. கட்டுரையின் தலைப்பே கேஜ் மாறாமையைக் கண்டறிதல் என்பதுதான். தோற்கடிச்ச கதை என்னோட சொந்தத் தயாரிப்பு.

அப்போ அந்தச் சோதனையில் என்னதான் பெரிய விஷயம்? ஒரு நாள் முழுக்க இதே யோசனை. எனக்குத் தோன்றியது இது. அவர்கள் செஞ்சது தாத்தாவோட வேலை. லேசரை மெதுவாக மாற்றி, அணுக்களைக் குளம் நிறைந்த நிலையிலிருந்து வாரி நிறைந்த நிலைக்கு ஓட்டினார்கள். ஓட்டும்போதே 0-1-0, 2-0-0, 0-0-2 ஆகிய மூன்றும் எவ்வளவு, தப்பானவை எவ்வளவு என்று இடத்துக்கு இடம் அளந்தார்கள். இவ்வளவு நீளச் சங்கிலியில், அணுக்களே விதியைக் காத்துக்கொண்டு நடக்கின்றன, மீறல் சிறிதாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். விடை தெரிஞ்ச இடத்தில் தணிக்கை பண்ணினாங்க. நாளைக்கு விடை தெரியாத இடத்துக்கு இந்த இயந்திரத்தைக் கொண்டு போகும்போது, விடையைச் சரிபார்க்க வழியே இருக்காது. கணக்கு ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க மட்டும் வழி இருக்கும்.

விடை தெரியாத இடம் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஒரு பரிமாணத்தை விட்டு இரண்டுக்குப் போங்க, பத்துக்குப் பத்து சதுரக் கட்டம். மின்னூட்டமே வேண்டாம், இணைப்புகளில் புலம் மட்டும், இரண்டே திசை. விதிக்கு உட்பட்ட அமைப்புகள் எத்தனை? இதே எண்ணிக்கையைப் பனிக்கட்டியின் அமைப்புக்காக எலியட் லீப் 1967-இல் துல்லியமாகக் கண்டுபிடிச்சுட்டார். புள்ளி ஒன்றுக்கு 1.5396 மடங்கு. நூறு புள்ளிக்குத் தோராயமாக 5.5-க்குப் பின் 18 பூஜ்ஜியம் என்ற அளவு. 16 பைட்டால் பெருக்குங்க. 8.8 கோடி டெராபைட். விதியைப் போட்டுச் சுருக்கியும் இவ்வளவு. இது புலம் மட்டும், அதுவும் மிக எளிய வகை. அன்னிக்கு நான் பேசிய வீராவேசத்தை இங்கே பேசியிருக்கலாம்.

இதை எல்லாம் எழுதி சாருக்கு அனுப்பினேன். அன்னிக்கு ராத்திரியே பதில் வந்தது. "நல்லது தம்பி. ஒரு சந்தேகம். கணக்கு ஒத்துப்போனா விடை சரின்னு அர்த்தமா?"

சரிதானே. சொசைட்டி நோட்டில் வரவு செலவு பைசா சுத்தமாக ஒத்துப்போகும், போட்ட செலவே பொய்யா இருக்கும். பார்த்திருக்கோம். சிமுலேட்டரிலும் அதே ஆபத்து. ஒவ்வொரு இடத்திலும் காஸ் விதி சுத்தமாக இருந்தும், லேசரின் அளவு கொஞ்சம் விலகியிருந்தால் ஓடுவது வேறொரு கேஜ் தியரியாக இருக்கும். விதி மீறப்பட்டால் விடை தப்பு என்று உறுதியாகச் சொல்லலாம். விதி காக்கப்பட்டால் விடை சரி என்று சொல்ல முடியாது. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன கோடில் பக் இருப்பதை ஐடியில் இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டாம். அதனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரே சோதனையோடு நிற்பதில்லை. 2022-இல் அதே ஹஃபெய் குழு, ஒரே ஆற்றல் கொண்ட வெவ்வேறு தொடக்க நிலைகளை ஓட்டி, அவை ஒரே சமநிலைக்கு வந்து சேர்கின்றனவா என்று பார்த்தது. சேர்ந்தன. இது வேறு வகைச் சோதனை.

இப்போ நம்ம பக்கம் வருவோம். இதில் இந்தியாவுக்கு என்ன பங்குன்னு கமெண்ட்டில் தவறாமல் கேட்பீங்க. கோட்பாட்டில் நல்ல பங்கு, சோதனையில் இனிமேல்தான். வாரிக்கு இரண்டே நிலை போதும், முடிவில்லாத நிலைகள் வேண்டாம் என்ற யோசனை இல்லாவிட்டால் அணுக்களை வைத்து இதைக் கட்டவே முடியாது. அந்த யோசனையை முழுமையான வடிவத்தில் வளர்த்தது 1997-இல் சைலேஷ் சந்திரசேகரனும் ஊவே-யென்ஸ் வீஸேவும். அதை அதிகுளிர் அணுக்களில் எப்படிச் செய்வது, சரம் அறுவதை எப்படிப் பார்ப்பது என்று 2012-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் வந்த ஒரு திட்டக் கட்டுரையின் முதல் பெயர் தேபாஷிஷ் பானர்ஜி. 2012-இல் காகிதத்தில், 2020-இல் மேஜைமேல்.

இன்னொரு கதை சென்னையில் தொடங்குது, அதாவது பாதி சென்னை, பாதி கொல்கத்தா. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் வழியாகத்தான் நான் வருஷக்கணக்கில் ஆபீஸ் கேப்பில் போயிட்டு இருந்தேன், உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாமல். அங்கே ரமேஷ் அனிஷெட்டி, கொல்கத்தா எஸ்.என். போஸ் மையத்தின் மனு மாதுர், இந்திராக்ஷி ராய்சௌத்ரி ஆகியோர் கேஜ் தியரியை வேறு மாறிகளில் எழுதும் வேலையில் இருந்தார்கள். அவர்களுடைய ஒரு முக்கியக் கட்டுரை 2010-இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2020-இல் ராய்சௌத்ரியும் ஜெஸ்ஸி ஸ்ட்ரைக்கரும் வளையம்-சரம்-ஹேட்ரான் என்று ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள்.

அதில் இருக்கும் கருத்து எஞ்சினியர்களுக்கு உடனே பிடிக்கும். ஹஃபெய் முறையில் விதியை மீற அணுவுக்கு இடம் உண்டு, மீறினால் ஆற்றல் அபராதம். நாம் கோடில் எழுதும் இஃப் கண்டிஷன் மாதிரி. ராய்சௌத்ரி வழியில், தப்பான நிலையை எழுதவே இடம் தராத மாறிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டைப் சிஸ்டத்தை ஒழுங்காக அமைச்சா தப்பான டேட்டா கம்பைலே ஆகாது இல்லையா, அது மாதிரி. குவார்க்குகளின் விதியில் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் பல காஸ் விதிகள், அவை ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். அதுக்கு அபராத முறை பெரும்பாடு. இந்த வழியில் பின்னல் அவிழ்ந்து, வாரியின் இரு முனையிலும் எண் ஒத்துப்போகணும் என்ற எளிய சரிபார்ப்பு மட்டும் மிஞ்சும். இதையே அடிப்படையாக வைத்து கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ராகா தாஸ்குப்தாவும் ராய்சௌத்ரியும் அதிகுளிர் அணுக்களில் ஒரு சிமுலேட்டர் திட்டத்தை 2022-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ ஏ-யில் வெளியிட்டார்கள். இப்போது இருக்கும் சோதனை வசதிகளுக்குள்ளேயே செய்யக்கூடியது என்பது அவர்கள் வாதம்.

செய்ய வேண்டிய மேஜை எங்கே? மும்பை டிஐஎஃப்ஆர், புனே ஐசர், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் ஆகிய இடங்களில் அணுக்களைக் குளிர்விக்கும் ஆய்வகங்கள் இருக்கு. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் குவாண்டம் தகவல் தொடர்பு மையம் சென்னை ஐஐடியில். என் கருத்தைச் சொல்றேன்: கணினி, தகவல் தொடர்பு என்று தலைப்பு வச்சால் பணம் வரும். அணுக்களை வச்சு வாரிக் கணக்கு பார்க்கிறோம்னு சொன்னால் யாரும் ரிப்பன் வெட்ட வர மாட்டாங்க. ஆனா பெரிய குவாண்டம் கணினி வந்தால் அது சொல்லும் விடையை நம்பலாமா என்ற கேள்விக்கு இந்த மாதிரித் தணிக்கை வேலைதான் கை கொடுக்கும்.

வெளியே வேலை நிற்கவில்லை. 2025-இல் நேச்சரில் வந்த ஒரு சோதனையில், ரூபிடியம் அணுக்களை லேசர் இடுக்கிகளால் பிடித்து இரண்டு பரிமாணத்தில் அடுக்கி, சரம் அறுவதைப் பார்த்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன 8.8 கோடி டெராபைட் பக்கம் போகும் பாதை அது.

என் கோட் நாற்பது வரிகூட இல்லை. ஷோ நோட்ஸில் போடறேன். வாரி எண்ணிக்கையை 35-இலிருந்து ஏத்திப் பாருங்க, உங்க மெஷின் எங்கே நிற்குதுன்னு சொல்லுங்க. என்னுடையது 42 வரைக்கும் தாங்குச்சு. 43-இல் மெமரி போதல. பழைய எபிசோடின் பக்கத்தில் திருத்தம் போட்டாச்சு, அந்த ஸ்டேட்டஸ் வச்சவங்க முடிஞ்சா எடுத்துடுங்க.

சாருக்கு இந்த ரெக்கார்டிங்கை முன்கூட்டியே அனுப்பியிருக்கேன். ரெண்டு நாள் ஆச்சு, புளூ டிக் வந்திருக்கு, பதில் வரல. எண்ணிக்கிட்டு இருக்காருன்னு நினைக்கிறேன்.